ஊசுட்டேரியில் ஒரு விரால்

முதலியார்பேட்டையிலிருந்து வில்லியனூர் வழியாகச் சென்றால் ஊசுட்டேரியை அடையலாம். புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரி இதுவே. சுமார் 800 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழப் பாதி விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. மழைநீரோடு, சங்கராபரணி ஆற்று நீரும் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே வந்து இதனை நிரப்புகிறது.

நான் சிறுவனாயிருந்தபோது, விடுமுறை நாட்களில் அத்தா என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் அமர்த்தி இங்கே அழைத்து வருவார்கள். கையில் மூங்கில் தூண்டில், நாடுவதோ விரால். பிறர் தூண்டிலில் தவளையைக் கோப்பர். தவளையைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளதால் அத்தா மண்புழுவையே கோப்பார்கள்.

ஏரியின் பருவங்களை அறிந்தவனே மீனை அறிவான். கோடையில் நீர் வற்றும்போது விரால் சேற்றுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். காற்றைச் சுவாசிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும். கரையோரக் கோரைகளுக்கிடையே அது முட்டையிடும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் மிதக்க, பெற்றோர் கீழே காவல் நிற்கும். மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து சேரும்.

ஒரு மழைக்காலத்தில் அந்தச் செந்நிறக் கூட்டத்தின் நடுவே நான் தூண்டிலை வீசினேன். காவல் நின்ற விரால் சிக்கியது. மகிழ்ச்சியில் கூவினேன். அத்தா முகம் வாடினார்கள். "இதை நம்பி எத்தனை உயிர்கள் இருந்தன, பார் தம்பி" என்றார்கள். மீனை நீரில் விடச் செய்தார்கள். ஆனால் முள் ஆழமாகத் தைத்திருந்தது, அது பிழைக்கவில்லை. சற்று நேரத்தில் கெளுத்திகள் அக்குஞ்சுகளைக் கலைத்து விழுங்கின.

புதுச்சேரிப் பகுதி 2008-ஆம் ஆண்டிலும், தமிழகப் பகுதி 2015-ஆம் ஆண்டிலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. இன்று அங்கே தூண்டிலுடன் செல்வது முறையன்று. சென்ற தை மாதத்தில் என் மகனை வெறுங்கையோடுதான் அழைத்துச் சென்றேன். "மீன் நமக்கு ஆகுமானதுதானே அத்தா, ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்டான்.

"ஆகுமானது என்றால், எப்பொழுதும் எவ்வளவும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருளில்லை, தம்பி" என்றேன். மதரஸாவில் ஹலால், ஹராம் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த விராலே என் நினைவுக்கு வருகிறது. அந்தப் பாடத்தை நான் கிதாபில் படிக்கும் முன்பே ஊசுட்டேரிக் கரையில் அத்தாவிடம் கற்றேன்.