மணல் குடித்த தண்ணீர்

எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் அதனை அடுத்த சிறிய அறைக்கும் நடுவிலுள்ள சுவர் இரண்டு ஆண்டு காலம் ஈரமாயிருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் நாங்கள் உப்பின்மீதே பழியைப் போட்டுக்கொண்டிருந்தோம். புத்தளத்து வாசகர்களுக்கு இதில் வியப்பொன்றும் இராது. ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் உப்பளங்களுமாக அமைந்த ஊரில், சுவர் பூத்தாலும் கதவுப் பூட்டுத் துருவேறினாலும் உப்பைக் காட்டிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதே எங்கள் வழக்கம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நான் ஓர் ஆசிரியை, தில்லையடியில் வசிக்கிறேன். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிலிருந்து தோணியேறிக் கற்பிட்டியில் வந்திறங்கிய குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அப்பொழுது எனக்கு வயது ஒன்பது. உம்மா ஒரு துணி மூட்டையைச் சுமந்து வந்தார். வாப்பா ஒரு பிஸ்கட் தகரத்தைச் சாரத்தால் சுற்றி வயிற்றோடு கட்டியிருந்தார். எங்கள் வளவின் உறுதியும் அவர்களுடைய காவின் பதிவும் வேறு சில கடிதங்களும் அதற்குள் இருந்தன. கிடுகுக் கொட்டிலில் நாங்கள் கிடந்த ஆண்டுகளில், மழை ஒழுகும் இரவுகளில் எல்லாம், எங்களுக்கு முன்னதாக அந்தத் தகரத்துக்கே நனையாத இடம் தேடுவார் வாப்பா. பின்னர் கல்வீடு கட்டினோம். வாப்பாவும் காலமானார். தகரம் ஒரு றங்குப் பெட்டிக்குள் புகுந்து, சிறிய அறையில் சுவரோரமாகத் தரையில் இருந்தது. ஈரச் சுவர் என்றேனே, அதே சுவர்தான்.

சுவரின் அடியில் முதலில் வெள்ளைப் பொடி பூத்தது. பிறகு பூச்சு வீங்கி, விரலால் தொட்டால் உதிர்ந்தது. மேசன் பாஸ் ஒருவர் வந்து பார்த்தார். "டீச்சர், இது உப்புப் பிடிச்ச சுவர். புத்தளத்தில இதுக்கு மருந்து கிடையாது" என்று கூறி, பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினார். ஓராண்டு கழிந்தது, மீண்டும் அதே கதை. இரண்டாம் முறை வழவழப்பான எண்ணெய் வர்ணம் அடித்தோம். அது அப்பளம்போல் பொரிந்து எழுந்தது.

பாஸ் கூறியதில் பொய் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணலிலும் மண்ணிலும் உள்ள உப்பு நீரில் கரைந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு மாத்திரம் சுவரின் மேற்பரப்பில் படிகமாகிறது. படிகம் வளர வளரப் பூச்சைத் தள்ளி உடைக்கிறது. போதாக்குறைக்கு, உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆனால், உப்பு தானாக நடந்து வருவதில்லை. அதனைச் சுமந்து வர நீர் வேண்டும். அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்கத் தூண்டியது சோளகக் காற்று. ஆடி, ஆவணி மாதங்களில் இக்கரையில் மழை அரிது. காற்றோ இரவு பகலாக வீசும். அயல்வீடுகளின் உப்புச் சுவர்கள் அந்நாளில் உலர்ந்து வெளிறிப்போயின. எங்கள் சுவர் மாத்திரம் மாரியில் இருந்தவாறே இருந்தது. அதோடு, தண்ணீர்ப் பட்டியலும் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. என் கணவர் என் துணி துவைப்பைக் குறை கூறினார். நான் பிள்ளைகளின் குளிப்பைக் குறை கூறினேன். பிள்ளைகள் பழிபோட யாரும் அகப்படாமையால் வாயை மூடிக்கொண்டனர்.

பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் சக ஆசிரியர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். "வீட்டு வாசலிலேயே ஒரு கருவியை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து கேட்கிறீர்களே!" என்று அவர் நகைத்தார். அவர் கூறியது தண்ணீர் மீற்றரை. அதன் கண்ணாடிக்குள் கறுப்பு இலக்கங்கள் கனமீற்றரையும், சிவப்பு இலக்கங்கள் அதன் பின்னங்களையும் காட்டும். ஒரு கனமீற்றர் என்பது 1000 லீற்றர். பட்டியலில் 'ஓர் அலகு' எனப்படுவது அதுவே. இலக்கங்களுக்கு அருகில் சின்னஞ்சிறு நட்சத்திரச் சக்கரம் ஒன்று இருக்கிறது. மிகச் சிறிய ஓட்டத்துக்கும் அது சுழலும். அத்தனை ஆண்டுகளாக மீற்றர் பெட்டியை நான் திறந்ததெல்லாம் பல்லி இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே.

அன்றிரவு மேல்தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து, அதற்குச் செல்லும் வால்வை மூடினோம். எல்லாக் குழாய்களையும் இறுக்கினோம். பத்து மணிக்கு டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால், வீடு உறங்கிக் கிடக்க, அந்த நட்சத்திரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அதனைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே உடல் சிலிர்த்தது. யாரோ ஒருவர் எங்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டு, எங்களுக்குத் தெரியாமல் குடித்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றியது. இலக்கத்தைக் குறித்துக்கொண்டோம். அதிகாலை ஐந்து மணிக்குப் பார்த்தபோது 140 லீற்றர் கூடியிருந்தது. ஏழு மணி நேரத்துக்கு 140 என்றால் நாளொன்றுக்கு 480 லீற்றர். மாதத்துக்குப் பதினான்கு அலகுக்கு மேல். அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் படிப்படியாக உயரும் என்பது பட்டியல் கட்டுவோர் எல்லோரும் அறிந்ததே.

அத்தனை தண்ணீரும் எங்கே போயிற்று? களிமண் நிலமாயிருந்தால் முற்றத்தில் குட்டையாகத் தேங்கியிருக்கும். தவளையாவது வந்து காட்டிக்கொடுத்திருக்கும். எங்களுடையது மணல். மணல் எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே வாங்கிக்கொண்டு, மேலே உலர்ந்த முகத்தோடு இருக்கும். இக்கரையில் தரைக்குக் கீழே நேரும் ஒழுக்கை வெறுங்கண்ணால் கண்டுபிடிக்கலாம் என்று எண்ணியிருந்தது எங்கள் பேதைமை.

அடுத்து, ஒழுகும் இடத்தைக் காண வேண்டும். ஒவ்வொரு கிளைக்குழாயின் வால்வையும் தனித்தனியே மூடிப் பார்த்தோம். சமையலறைக் கிளையை மூடியதும் நட்சத்திரம் நின்றது. குழாய் வேலை செய்யும் பாஸ் வந்தார். அவர் கொண்டுவந்த விசேட கருவி ஓர் அலவாங்கு! அதன் ஒரு முனையைச் சீமெந்துத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் பெருநகரங்களில் நிலத்தடிக் குழாய்களின் ஒழுக்கைத் தேடுவோரும், தெரு அரவம் அடங்கிய இரவு வேளையில் இத்தகைய கேட்புக்கோலைக் காதில் வைத்துத்தான் நெடுங்காலம் வேலை செய்துவந்தனர். இன்றைய மின் ஒலிபெருக்கிக் கருவிகளும் அந்தக் கோலின் பேரப்பிள்ளைகளே. சுவரருகே ஓரிடத்தில் அவர் நின்றுவிட்டார். "கேட்டுப் பாருங்க டீச்சர்" என்றார். கேட்டேன். தொலைவில் யாரோ மூச்சு விடுவதுபோல் ஒரு சீறல்.

தரையை உடைத்து இரண்டடி தோண்டியதும் குழியில் நீர் ஊறியது. அப்பொழுதும் எங்களுக்குள் வழக்குத் தீரவில்லை. "இது நிலத்து ஊற்றுத் தண்ணீர், இங்கே எங்கே தோண்டினாலும் வரும்" என்றார் என் கணவர். உம்மா ஒன்றும் பேசாமல் குனிந்து, விரலைத் தோய்த்து நாவில் வைத்தார். "இது கிணத்துத் தண்ணி இல்ல, பைப்புத் தண்ணி" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வரையிலான இக்கரையின் அடியில் சுண்ணாம்புக்கல் படர்ந்திருக்கிறது. எங்கள் கிணற்று நீர் கடினமானது, சற்று உவர்ப்பானது. கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டும். குழாயில் வருவதோ கலா ஓயாவில் எடுத்துச் சுத்திகரித்த ஆற்று நீர். முப்பது ஆண்டுகள் இரண்டையும் குடித்த நாவுக்கு அந்த வேறுபாடு தெரியாமல் போகுமா? பாஸ் இன்னும் அரையடி தோண்ட, பிளாஸ்டிக் குழாயின் முழங்கை மூட்டு ஒன்று தெரிந்தது. சமையலறையைப் பெருப்பித்தபோது பசை சரியாகப் பிடிக்காமல் ஒட்டிய மூட்டு. அதன் ஓரத்திலிருந்து ஊசி பருமனில் நீர் பீறிட்டது. உப்பு உண்டு, ஆனால் அதனைச் சுவரில் ஏற்றிவிட்டது நாங்கள் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்.

மூட்டை மாற்ற அரை மணி நேரமே பிடித்தது. கதை அங்கே முடிந்திருந்தால் இதனை எழுதியிருக்க மாட்டேன்.

தோண்டுவதற்காக றங்குப் பெட்டியை நகர்த்தியபோது அதன் அடித்தகடு தரையோடு நின்றுவிட்டது. பிஸ்கட் தகரமும் ஓட்டையாகியிருந்தது. காகிதங்களைச் சுற்றியிருந்த பொலித்தீன் உறை, ஈரத்தை வெளியே நிறுத்துவதற்குப் பதிலாக உள்ளே பூட்டி வைத்திருந்தது. உறுதியின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரங்களில் கறுத்த பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. உம்மா அதனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை. "கடல்ல நனையாமக் கொண்டு வந்தாரே" என்று ஒருமுறை மாத்திரம் சொன்னார்.

நான் பதறிப்போய் அதனை வெயிலில் காயவைக்க ஓடினேன். சக ஆசிரியர் தொலைபேசியில் தடுத்தார். நனைந்த தாள்களை வெயிலில் இட்டால் சுருண்டு வெடிக்கும்; ஈரத்தோடு பிரிக்க முயன்றால் கிழியும். நிழலில், மின்விசிறிக் காற்றில், இடையிடையே மை உறிஞ்சும் வெள்ளைத் தாளை வைத்து, அதனை அடிக்கடி மாற்ற வேண்டும். உடனே கவனிக்க இயலாத அளவுக்கு நிறைய இருப்பின், உறையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் வைத்துவிடலாம்; பூஞ்சணம் வளராமல் நிற்கும். நனைந்த காகிதத்தில் இரண்டு நாளைக்குள் பூஞ்சணம் தோன்றத் தொடங்கிவிடுமாம். எங்களுடையது எத்தனை நாள் நனைந்து கிடந்ததோ!

நான்கு நாட்களில் தாள்கள் பிரிந்தன. தட்டச்சில் பொறித்த எழுத்துக்கள் அப்படியே நின்றன. அந்த நாடாவின் மை நீரில் கரைவதில்லை. பேனா மையோ கரைந்துவிட்டது. அது வாப்பாவின் தகப்பனார் வாப்பாவுக்கு நன்கொடையாக எழுதிய உறுதி. ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக வாப்பா கீழே கையொப்பமிட்டிருந்தார். அவ்விடத்தில் இப்பொழுது இருப்பது ஒரு நீல மேகம். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்லும் என்றும், அதிலும் தரப்பினரின் கையொப்பம் இருக்கும் என்றும் கூறி, காக்கா பிரதிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அந்த வளவில் மீண்டும் ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். விடை இன்னும் வரவில்லை.

கொழும்பில் படிக்கும் என் மகன் அடுத்த விடுமுறையில் உள்ளங்கையளவு கருவிகள் மூன்றைக் கொண்டுவந்தான். மாணவர்கள் இதன் சூட்சுமத்தை அறிந்துகொள்வது நல்லது. அடியில் இரண்டு உலோக முனைகள், அவற்றுக்கிடையே வெற்றிடம். அங்கே நீர் பட்டதும், அதில் கரைந்துள்ள உப்புக்களின் உதவியால் மிகச் சிறிய மின்னோட்டம் பாய்கிறது. உள்ளிருக்கும் திரான்சிஸ்டர் அதனைப் பெருக்கி ஓசை எழுப்புகிறது. ஓட்டம் நீண்ட நேரம் நிற்காதிருந்தால் தானாகவே வால்வை மூடிவிடும் விலையுயர்ந்த வகைகளும் உண்டாம். எங்களுக்கு இந்தச் சிறியவையே போதும் என்றேன். ஒன்று பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ், ஒன்று துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்புறம், ஒன்று அறையில்.

ஆயினும் அவற்றை நம்பி மீற்றரை மறந்துவிட நான் தயாராக இல்லை. தரைமேல் வந்த நீருக்கே அவை கூவும். மணலுக்குள் இறங்கும் நீரை அவை அறியா. கடற்காற்று அந்த உலோக முனைகளில் உப்பைப் படிய விடுகிறது. அவ்வுப்பு இரவில் ஈரம் பிடித்து, ஒழுக்கு இல்லாமலே எங்களை எழுப்பியதும் உண்டு. மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்துவிடுகிறேன். அன்றிரவே நட்சத்திரத்தையும் பார்த்துவிடுகிறேன். மலகூடத்துத் தொட்டியில் சிறிது கேசரிப் பொடியைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் நீர் இறைக்காமல் இருந்து, நிறம் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பதும் அன்றைக்கே. ஓசையின்றி அங்கே ஒழுகியது ஒருமுறை இப்படித்தான் பிடிபட்டது.

சென்ற மாரியில் ஒருநாள் விடியுமுன் அறைக் கருவி வீரிட்டுக் கத்தியது. பதைபதைத்து ஓடினேன். உம்மா சுபஹுத் தொழுகைக்கு வுளூச் செய்துவிட்டு வந்திருக்கிறார். பாதத்திலிருந்து சொட்டிய நீர் அதன் அடியில் புகுந்துவிட்டது. "வுளூவுக்கும் கத்துது இந்தச் சாமான்" என்று கடிந்துகொண்டு, அதனைத் தாவணி முனையால் துடைத்தார். எடுத்து வெளியே வைத்துவிடுவார் என்றே எண்ணினேன். அவர் மெதுவாகக் குனிந்து, அலுமாரியின் காலடியில் சுவரோடு ஒட்டி அதனை வைத்துவிட்டுத் தொழச் சென்றார். அந்த அலுமாரியின் மேல்தட்டில்தான் இப்பொழுது தகரம் இருக்கிறது.