கல்லின் சுபாவம்

அம்மாவின் இரும்புத் தோசைக்கல் எதையும் பொறுக்கும். எண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்தால் சமாதானமாகிவிடும். மனைவி ஆசையாக வாங்கிய நான்ஸ்டிக் கல் அப்படியல்ல. அவள் ஊருக்குப் போயிருந்த அன்று, வெறுங்கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கதை எழுதப் போய்விட்டேன். டெஃப்லான் 1938-ல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட பொருள். 260 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் கெட ஆரம்பிக்கும். வெறுங்கல் சில நிமிஷங்களிலேயே தாண்டிவிடும். புகையைக் கண்டு பதறித் தண்ணீரைக் கொட்டினேன், கல் நெளிந்துவிட்டது.

"சின்னத் தீ, மரக்கரண்டி, ஆறின பிறகு தண்ணீர். இந்த மூன்றுதானே கேட்டேன்?" என்றாள், திரும்பி வந்தவள்.

குரல் கம்மியிருந்தது. கல்லைப் பற்றி மட்டுந்தான் சொன்னாளா? இப்போதெல்லாம் நான் தீயைக் குறைத்தே பேசுகிறேன்.