கயலுக்கு

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயல்,

ஜிம்மில் கொடுத்த அந்தக் கிரியாட்டின் டப்பாவைப் பற்றிப் போனில் நீ கேட்டதும் பட்டென்று "வேண்டாம்" என்றுவிட்டேன். அது தப்பு. ஒளிக்காமல் கேட்டவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

கிரியாட்டின் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. நம் உடம்பே தினம் ஒரு கிராம் அளவுக்கு அதைச் செய்துகொள்கிறது. மீதி கறி, மீனில் இருந்து வருகிறது. பந்தைத் துரத்தி நீ பாயும் முதல் சில விநாடிகளுக்குத் தசையைத் தாங்குவது அதுதான். நின்று மூச்சு வாங்கும்போது மறுபடி ஊறிக்கொள்ளும். நம் வீட்டில் வாரம் ஒருநாள்தானே கறி. உனக்குப் பலன் சற்றுக் கூடுதலாகவே தெரியலாம்.

ஆனால் நீ வருத்தப்பட்டது ஓட்டத்துக்காக இல்லையே. கடைசி இருபது நிமிஷத்தில் கோல் தவறுகிறது என்றுதானே அழுதாய்? ஆஸ்திரேலியாவில் பெண்கள் கால்பந்து அணியினரை வைத்தே கிரியாட்டினைச் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். தினம் 20 கிராம், ஆறு நாள். திரும்பத் திரும்ப ஓடியதில் சில ஓட்டங்கள் வேகமாயின. எடை கொஞ்சம் கூடியது. கோலை நோக்கி அடித்த குறி மட்டும் தேறவே இல்லை. படித்தபோது உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. களைத்த காலோடு அடித்து அடித்துப் பழகு, கண்ணு.

என் பயமெல்லாம் டப்பாவுக்குள் வேறென்ன இருக்கிறது என்பதுதான். நான் ஹாஸ்டலில் இருந்தபோது பக்கத்துக் கட்டில்காரி, யாரோ தெரிந்தவர் கொடுத்த பவுடரைக் குடித்து ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினாள். தெரியாது என்று அழுதாள். உடம்பில் இருந்தால் ஆடுகிறவரே பொறுப்பு என்பது விதி. அவள் விட்டுப்போன பூட்ஸ் ரொம்ப நாள் கட்டிலுக்கடியிலேயே கிடந்தது.

வாங்கினால் கிரியாட்டின் மோனோஹைட்ரேட் மட்டும். தடைசெய்த மருந்து கலக்கவில்லை என்று பேட்ச் வாரியாகச் சோதித்தது. டாக்டரைக் கேட்டுவிட்டு, தினம் 3 கிராம். நான்கு வாரத்தில் தசை நிரம்பிவிடும், அவசரம் வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் இதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடு. அதில் 'கிரியாட்டினின்' என்று போடுவார்களே, அதன் அளவு கூடுதலாகக் காட்டலாம்; சிறுநீரகத்தில் கோளாறோ என்று அம்மா பதறிவிடுவாள்.

காலையில் வெறும் டீயோடு மைதானத்துக்குப் போகிறாயாமே? பணம் அனுப்பியிருக்கிறேன், இரண்டு முட்டையாவது சாப்பிடு. டப்பாவைத் திறக்காதே. லேபிளை நாலு பக்கமும் படமெடுத்து இன்றைக்கே அனுப்பு.

அன்புடன்,
அக்கா