ஈயக் குண்டுக்கு இடமில்லை! மிராமிச்சி ஆற்றின் தூண்டில் சட்டம்

தூண்டில் போட என்னென்ன வேண்டும்? முள், இரை, இரையை ஆழத்துக்கு இறக்க ஓர் ஈயக் குண்டு. ஆனால், கனடாவின் மிராமிச்சி ஆற்றில் சால்மன் பிடிக்கப் போகிறவர்கள் இரையையும் குண்டையும் வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். அங்கே இரண்டுமே சட்டப்படி கூடாது!

கனடாவின் கிழக்கே, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் காடுகளுக்கு நடுவே ஓடும் ஆறு இது. இங்கே பிறக்கும் அட்லாண்டிக் சால்மன் கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட இதே ஆற்றைத் தேடித் திரும்பி வருகிறது. கோடை தொடங்கினால் டோக்டவுன், பிளாக்வில் போன்ற ஆற்றோர ஊர்களில் இடுப்பளவு தண்ணீரில் தூண்டில்காரர்களைப் பார்க்கலாம். பொது மடுக்களில் யாரும் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஒரு முறை வீசியதும் ஓரிரு அடி கீழே நகர வேண்டும். பின்னால் நிற்பவருக்கு வழிவிட வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம்.

எழுதிய சட்டம் தூண்டிலில் இருக்கிறது. அனுமதி ‘ஃப்ளை’க்கு மட்டும்தான். முள்ளின் மேல் இறகு, மான் முடி, நூல் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சி அது. ஆற்றுக்குள் வந்த சால்மன் அநேகமாக எதையும் தின்பதில்லை. பிறகு ஏன் கவ்வுகிறது? கோபம் என்பார்கள் சிலர். குஞ்சுப் பருவத்தில் பூச்சி பிடித்த பழக்கம் என்பார்கள் சிலர்.

காற்றைப் போல லேசான ஃப்ளையை எப்படித் தூர வீசுவது? அங்கேதான் சூட்சுமம். கனம் முள்ளில் இல்லை, வீசும் கயிற்றில் இருக்கிறது. தூண்டில் கம்பில் 8, 9 என்று எழுதியிருக்கும். அது எத்தனை கிலோ மீன் தாங்கும் என்ற கணக்கல்ல. அந்தக் கம்புக்குப் பொருத்தமான கயிற்றின் எடை எண். 8-ம் எண் கயிற்றின் முதல் 30 அடி சுமார் 13.6 கிராம் இருக்கும். கம்பை வளைத்து வீசும்போது அந்தக் கயிறு பறந்து, நுனியிலுள்ள ஃப்ளையையும் இழுத்துப் போகிறது.

சரி, நுனியில் ஒரு சின்னக் குண்டு கட்டினால் என்ன குற்றம்? வெயில் ஏறி ஆற்று நீர் சூடானால், குளிர்ந்த ஊற்று கலக்கும் மடுக்களில் சால்மன்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். அங்கே கனமான முள்ளை அடிமட்டத்துக்கு இறக்கி வெடுக்கென்று இழுத்தால் போதும். விலாவிலோ வாலிலோ குத்தி ஏதாவது ஒரு மீன் மாட்டிக்கொள்ளும். அது தூண்டில் அல்ல, கொக்கி போட்டு அள்ளுவது. குண்டு இல்லாத ஃப்ளை நீரின் மேற்பகுதியில் மிதந்து போகும். மீன் தானே எழும்பி வந்து வாயைத் திறந்தால்தான் உண்டு. ‘வேண்டாம்’ என்று கிடக்கும் மீனை எவராலும் கட்டாயப்படுத்த முடியாது.

மாட்டிய மீனையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மீன்வளம் குறைந்ததால், 2015 முதல் நியூ பிரன்ஸ்விக்கில் பிடித்த சால்மனைத் திரும்ப ஆற்றில் விட்டாக வேண்டும். எளிதாகக் கழற்றுவதற்காக முள்ளின் நுனியில் எதிர்க்கொக்கியும் இருக்கக் கூடாது. முட்டையிட்டதும் இறந்துவிடும் பசிபிக் சால்மன் போலல்ல இது; பிழைத்துக் கடலுக்குப் போய், மறுபடி வந்து முட்டையிடக் கூடியது. அதனால் விடுவிக்கும் ஒவ்வொரு மீனுக்கும் மதிப்பு அதிகம். மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்காமல், தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தானாக நீந்திப் போகும்வரை காத்திருப்பது நல்லது.

வெளியூர்க்காரர்கள் உரிமத்தோடு, உள்ளூர் வழிகாட்டியையும் அமர்த்திக்கொள்ள வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். கடும் வெயில் காலத்தில் சில மடுக்களை மூடியும் விடுவார்கள். கிளம்புமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. தூண்டில் பிடிக்காதவர்களுக்கு டோக்டவுனில் அட்லாண்டிக் சால்மன் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போக எந்தக் கம்பும் வேண்டாம்!