நொத்தாரிஸ் கந்தோர்

ஆம்ஸ்டர்டாமில் வீடு வாங்கிய என் அக்காவின் மகள், கையெழுத்திடும் நாளில் நான் உடனிருக்க வேண்டும் என்று கேட்டாள். தாய்மாமன் அல்லவா, போனேன். காலையில் எங்கே போகவேண்டும் என்று விசாரித்தபோது, "நொத்தாரிஸ் கந்தோருக்கு, மாமா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னது டச்சு மொழி. என் காதில் விழுந்ததோ மட்டக்களப்புத் தமிழ்.

1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தவர்கள் ஒல்லாந்தர். 1796இல் இலங்கையை ஆங்கிலேயரிடம் இழந்து அவர்கள் போனபின்பும் நொத்தாரிசும் கந்தோரும் கக்கூசும் நம்மிடம் தங்கிவிட்டன. அவர்களது ரோமன் டச்சுச் சட்டமும் தங்கிவிட்டது. நெதர்லாந்து அதை 1809இலேயே கைவிட்டுவிட்டது. நாம் இன்னும் வைத்திருக்கிறோம்.

அவள் வாங்கியது யோர்டான் என்ற பழைய பகுதியில். பதினேழாம் நூற்றாண்டில் நகரம் விரிந்தபோது, பணக்காரருக்குப் பெரிய கால்வாய்களின் ஓரமும் தொழிலாளருக்கு யோர்டானின் ஒடுங்கிய தெருக்களும் என்று பிரித்துக் கட்டினார்கள். கடந்த நூற்றாண்டில் அங்கே பெரும்பகுதியை இடித்துத் தள்ளத் திட்டமிருந்தது. குடியிருந்தவர்கள் எதிர்த்து நின்றதால் தப்பியது. இன்று அங்கே ஓர் அறை கிடைப்பதே பெரும்பாடு.

மூன்றாம் மாடி, 41 சதுர மீற்றர். எங்கள் ஊரில் ஒரு மண்டபமும் குசினியும் இவ்வளவு இடம் பிடிக்கும். படிக்கட்டு, படிக்கட்டே அல்ல, ஏணி. கட்டில், அலுமாரி எதுவும் அதில் ஏறாது. முகட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தில் கப்பி கட்டி, யன்னல் வழியாக இழுத்தெடுக்க வேண்டும். அந்த மரத்தை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

வீட்டைவிட அதன் காகிதங்களே என்னைக் கவர்ந்தன. இந்த நகரத்தின் பழைய கட்டடங்கள் சேற்றில் அறைந்த மரக்கால்களில் நிற்கின்றன. டாம் சதுக்கத்து அரண்மனைக்கு மட்டும் 13,659 கால்கள் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. கால்கள் நீருக்குள் அமிழ்ந்திருக்கும்வரை பயமில்லை. நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் உளுத்துவிடும். ஆகவே அத்திவாரத்தின் நிலை பற்றி ஓர் அறிக்கை. கூரைக்கும் படிக்கட்டுக்கும் எல்லா மாடிக்காரரும் சேர்ந்து பொறுப்பேற்கும் உரிமையாளர் சங்கத்தின் கணக்கு. 1832இல் தொடங்கிய காணிப் பதிவேட்டில் அந்தத் துண்டு நிலத்தின் இலக்கம். ஒப்பந்தம் கைக்கு வந்தபின் மனம் மாறினால், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ள மூன்று நாள் அவகாசம்.

நொத்தாரிசு உறுதியை வாசித்துக்கொண்டிருக்க, என் நினைவு வாகரைக்குப் போனது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போவான். கண்டலடியில் கடலோரமாக இருந்த வளவு அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து அக்காவுக்கும் வந்தது. இவளுக்குப் போகவேண்டியது. 2004 டிசம்பர் 26 அன்று வீடும் கிணறும் போயின; தகரப்பெட்டியில் இருந்த உறுதியும் போனது. பிறகு, கிழக்கில் கடலோரத்திலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். அந்தத் தடை தளர்ந்தபோது யுத்தம் வந்தது. 2006இன் கடைசியில் சனம் காட்டுவழியே நடந்து வெளியேற, 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்குள் போனது.

திரும்பி வந்தவர்களுக்கு உள்ளே தள்ளி அரச காணியும் ஒரு கல்வீடும் கிடைத்தன. படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்றொரு கட்டம். எழுதிய உத்தியோகத்தர் அத்தானின் பெயரைப் போட்டார். அக்கா வாய் திறக்கவில்லை; கிடைத்ததே போதுமென்ற காலம் அது. கிழக்கின் பல ஊர்களில் பெண் வழி வந்த வீடுகள் இப்படி ஒரு பேனாக் கீறலில் ஆண் வழிக்கு மாறின. செய்தியாளனாக நானும் அந்த நாட்களில் வீடுகளின் எண்ணிக்கையைத்தான் எழுதினேன். யார் பெயரில் என்று கேட்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

அத்தான் பின்னுரித்தாளரை நியமிக்காமலே 2015இல் இறந்தார். அனுமதிப்பத்திரக் காணி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. நியமனம் இல்லையென்றால் மகளுக்கு முன் மகன் என்றிருந்தது அச்சட்டம். 2022இல்தான் திருத்தினார்கள். அத்தான் இறந்ததோ அதற்கு முன்பு. அக்கா தன் காலம்வரை இருக்கலாம். அதன்பின் கனடாவிலிருக்கும் மூத்த மருமகனுக்கு. அவன் நல்ல பிள்ளை, "தங்கச்சிக்கே எழுதுங்கோ" என்கிறான். கோப்பு மட்டும் நகரவில்லை.

கையெழுத்தானதும் மருமகள் அக்காவை அழைத்து, யன்னலோரம் நின்று வீட்டைக் காட்டினாள்.

"வளவு எங்க புள்ள?"

"வளவு இல்லம்மா. மூணாம் மாடி."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அக்கா கேட்டாள்: "ஆருட பேர்ல எழுதின?"

"என்ட பேர்லதான் அம்மா."

"ஓ" என்றாள் அக்கா. இன்னொரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

அடுத்த மாதம் வாகரைக்குப் போகிறேன். கனடாவிலிருந்து மருமகன் சத்தியக் கடதாசி முடித்து அனுப்பியிருக்கிறான்.