செம்பனை ஓரத்து ஜாகை

சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைத்து 1924-ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட கடற்பாலத்தின்மீது விடியுமுன்னரே மோட்டார் சைக்கிள்களில் விரைகிற ஜனத்திரளில், தோட்டங்களை விட்டு நகரம் சேர்ந்த நம்மவரின் மக்களும் பேரமக்களும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களெல்லாரும் ஜீவனத்தின்பொருட்டுத் தெற்கு நோக்கிப் போகையில், தஞ்சை ஜில்லாவில் பிறந்து, சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற நான், மனைவியின் பிறந்தகம் இருந்த பிரதேசம் என்னும் ஒரே உரிமையைப் பற்றிக்கொண்டு, புத்தகப் பெட்டிகளோடும் அம்மிக்கல்லோடும் வடக்கே குளுவாங்குக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் ஜாகை கொண்டதைச் சிநேகிதர்களில் சிலர் பரிகாசம் செய்தார்கள், சிலர் பொறாமைப்பட்டார்கள். பொறாமைப்பட்டவர்கள் சொன்ன காரணம் ஒன்றே: அங்கே நிசப்தம் இருக்கிறதாம்.

இருக்கிறது, உண்மைதான். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நிற்கும் எங்கள் வீட்டுக்கு முன்னால் இரண்டு ரம்புத்தான் மரங்கள். பின்னால் கால்வாயைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை. எலிகளை ஒழிப்பதற்கென்று தோட்டத்தார் கம்பத்தின்மேல் பொருத்திய பெட்டியில் ஒரு கூகைத் தம்பதி குடித்தனம் நடத்துகிறது. அந்திமழை தகரத்தில் விழும் நேரம் தவிர, பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

ஆனால் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவிடம் இந்த அமைதியைப் புகழ்ந்து ஒருவர் தப்பிவிட முடியாது. “தோட்டத்துல எந்தக் காலத்துல தம்பி சத்தமில்லாம இருந்துச்சு?” என்று அவர் ஆரம்பித்தால் பசியாறுதல் ஆறிப்போகும். கித்தா எனப்படும் ரப்பர் மரத்தின் பால் குளிர்ந்த வேளையில்தான் தாராளமாக வடியுமாதலால், இருட்டு கலையுமுன்னே பெரட்டு என்கிற ஆள்கணக்கெடுப்புக்கு ஆள் கூட்டும் ஓசையும், லயங்களில் கதவுகள் திறக்கும் ஓசையும், வாளிகள் உரசும் ஓசையும், கங்காணியின் அதட்டலும், ஆயாக் கொட்டகையில் விடப்பட்ட குழந்தைகளின் அழுகையுமாக, சூரியோதயத்துக்கு முன் ஒரு ஊரே விழித்துப் பாதி வேலையை முடித்திருக்கும் என்பார். கங்காணிகள் மூலம் ஆளெடுப்பதை 1938-இல் இந்திய அரசாங்கம் தடை செய்வதற்குச் சற்று முன்னர் வந்திறங்கியவர் அவருடைய தகப்பனார்; அந்த ஓசைகளுக்குள்ளேயே வாழ்ந்து முடிந்தவர்.

கித்தாவை அழித்துச் செம்பனை நட்டபோது ஆட்களின் தேவை குறைந்தது பலரும் அறிந்த விஷயம். பலருக்குத் தெரியாத விஷயம் ஒரு வண்டைப் பற்றியது. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பனைக்கு இங்கே இயற்கையான துணை போதாமையால், பல தோட்டங்களில் மகரந்தத்தை முகப்பூச்சு மாவோடு கலந்து, மரம் மரமாகச் சென்று, பெண்பூ மலர்ந்திருக்கும் பாளைகளைத் தேடிக் கையாலேயே தூவ வேண்டியிருந்தது. பூ மலர்வது மரத்துக்கு மரம் வேறு நாளாகையால், அதே மரங்களைத் திரும்பத் திரும்பச் சுற்றியாக வேண்டும். அக்காவின் இளமை அந்த வேலையில்தான் கழிந்தது. 1981-ஆம் ஆண்டு பிப்ரவரியில், கேமரூன் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட எள்ளத்தனை வண்டுகள், இதே குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டத்தில் முதன்முதலாகத் திறந்துவிடப்பட்டன. ஆண்பூவில் முட்டையிட்டுப் பெருகி, வாசனையால் பெண்பூவுக்கும் போய்வரும் அப்பிராணிகள், அத்தனை கைகளின் வேலையையும் கூலி கேளாமல் ஏற்றுக்கொண்டன. காய்ப்பு உயர்ந்தது, விஞ்ஞானிகள் கீர்த்தி பெற்றார்கள், அதில் நியாயமும் உண்டு. வேலை போனவர்களின் பிள்ளைகள் பாசிர் கூடாங்குக்கும் கடல் தாண்டியும் போனார்கள். இன்று நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். குலைகளை ஒரு நாளுக்குள் ஆலை சேர்க்க விரையும் லாரிகள் கடந்துபோனபின் சடக்கில் ஒருவருமில்லை.

ஆகவே, நாட்டுப்புற வாசத்தின் சாந்தியைக் குறித்து நகரத்திலிருந்து கடிதம் எழுதும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் விரும்பும் நிசப்தம் மரங்கள் தந்ததல்ல, மனிதர் போனதால் வந்தது. அதனால் இந்த வீட்டின்மேல் எனக்குள்ள பிரியம் குறைந்துவிடவில்லை. மாலையில் புத்தகத்தோடு தாழ்வாரத்தில் அமர்கையில், பிறர் காலிசெய்த இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறோம் என்ற ஞாபகம் கூடவே இருக்கிறது, அவ்வளவே.

வருஷத்தில் ஒருமுறை, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு, இங்கிருந்து போனவர்களெல்லாரும் திரும்பி வருகிறார்கள். கணக்கு எழுதத் தெரிந்தவன் என்று என்னை இம்முறை காரியக் கமிட்டியில் சேர்த்துவிட்டார்கள். மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் கலந்து வருகிற நன்கொடையை எந்த நாளின் மாற்றுவிலைக்கு வரவு வைப்பது என்பதில் இன்னும் ஏகமனதான அபிப்பிராயம் ஏற்படவில்லை. இரண்டு ஒலிபெருக்கி போதாதா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். நான்குக்குக் குறைந்தால் தாம் பொங்கல் வைப்பதில்லை என்று அக்கா சொல்லிவிட்டபடியால், செலவுப் பட்டியலின் முதல் வரியில் நான்கு என்றே எழுதியிருக்கிறேன்.