எலிக்குச் சரியாயிடுச்சு, எங்க வீட்டம்மாவுக்கு எப்போ?

2012-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் மைக்கேல் மோட்ஸ்கின், பிரவீன் பால் இருவரும் பார்கின்சன், அல்சைமர் நோயாளிகளைத் தங்கள் ஆய்வகத்துக்கே கூப்பிட்டு, உள்ளே என்ன நடக்குதுன்னு காட்டினாங்க. வந்தவங்க ஆர்வத்தைப் பார்த்து, நாமளே வெளியே போய்ப் பேசினா என்னன்னு தோணியிருக்கு. 2013 மே மாதம் ‘பைண்ட் ஆஃப் சயின்ஸ்’ தொடங்கியது. பேச்சு நடக்கும் இடம் மதுக்கூடம்! (நம்ம டாஸ்மாக்கைக் கற்பனை பண்ணாதீங்க.)

அதைப் படிச்ச ஆசையில், எங்க ஊர் நூலகத்தில் நானும் மறதிநோய் ஆராய்ச்சி பற்றிப் பேசினேன். 1999-ல் ஒரு தடுப்பூசி எலி மூளையில் அமிலாய்டு படிவைக் குறைத்த கதையைச் சொன்னதும் ஒரே கைதட்டல்.

முடிஞ்சதும் ஒரு பெரியவர் வந்தார். “எலிக்குச் சரியாயிடுச்சு. எங்க வீட்டம்மாவுக்கு எப்போ டாக்டர்?”

எனக்குப் பேச்சே வரலைங்க. அதே தடுப்பூசியை மனிதர்களுக்குப் போட்டப்போ சிலருக்கு மூளை அழற்சி வந்து, 2002-ல் பரிசோதனையையே நிறுத்திட்டாங்க. அந்த ஸ்லைடைக் கடைசியில் வெச்சிருந்தேன். நேரமில்லைன்னு தாண்டிட்டேன்.

அவரிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னார்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி.”

இப்போ என் பேச்சு அந்த ஸ்லைடில்தான் ஆரம்பிக்குது.